ஜெயித்துக் கொடுத்தார், ஐந்தே நாளில் வெளியேறினார்: குத்யோன் தோர்தார்சன் ஒரு நிகழ்வு ஆய்வு

2002 மே 11. கார்டிஃப் நகர மில்லினியம் ஸ்டேடியத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கு லீக்கின் பிளே-ஆஃப், அதாவது மேல் அடுக்குக்கு ஏறும் கடைசி ஓர் இடத்துக்கான போட்டி, அதன் இறுதி ஆட்டம். 42,523 பேர் பார்க்க, ஸ்டோக் சிட்டி 2-0 என்று பிரென்ட்ஃபோர்டை வென்று ஓர் அடுக்கு மேலே ஏறியது. முதல் கோல் டியான் பர்ட்டனுடையது. இரண்டாவது, பிரென்ட்ஃபோர்டின் பென் பர்ஜெஸ் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்ட செல்ஃப் கோல். அணியை அங்கே கொண்டுவந்து நிறுத்திய மேனேஜர் ஐஸ்லாந்துக்காரர், குத்யோன் தோர்தார்சன். ஐந்து நாள் கழித்து அவருக்கு அந்த வேலை இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கிளப் முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவை எடுத்தவர்கள் யாரோ வெள்ளைக்காரப் பண்ணையார்கள் அல்லர், அவருடைய சொந்த நாட்டுக்காரர்கள். அவரை மேனேஜராக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் அந்தக் கிளப்பையே வாங்கியிருந்தார்கள்.

தோற்ற மேனேஜரைத் துரத்துவது கால்பந்தில் அன்றாடச் சங்கதி, அதில் ஆய்வு செய்ய எதுவும் இல்லை. ஜெயித்தவர் ஏன் போனார் என்பதுதான் இங்கே கேள்வி. ஸ்டோக்கில் நடந்ததை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது, அக்ரானெஸிலிருந்து தொடங்க வேண்டும்.

மீன்பிடி ஊரும் ஐந்து பட்டங்களும்

அக்ரானெஸ் ரெய்க்யவிக்குக்கு வடக்கே விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறது. 1990களில் அங்கே சுமார் ஐயாயிரம் பேர். மீன், ஒரு சிமென்ட் ஆலை, கால்பந்து, இவ்வளவுதான் ஊர். 1998-ல் கடலுக்கடியில் சுரங்கச் சாலை திறக்கும் வரை தலைநகரிலிருந்து வருபவர்கள் அக்ராபோர்க் என்ற படகைப் பிடிப்பார்கள், இல்லையென்றால் நீண்ட ஃபியோர்டைச் சுற்றிக்கொண்டு காரில் வருவார்கள். மைதானத்தை ஒட்டியே லாங்கிசாண்டூர் என்ற நீண்ட மணல் கடற்கரை. புல் உறைந்து கிடக்கும் மாதங்களில் அந்த மணலில்தான் அணி ஓடும்.

குத்யோன் 1955-ல் பிறந்தார். தடுப்பாட்டக்காரராக அக்ரானெஸ் அணியில் பதினைந்து ஆண்டுகள்போல ஆடினார், 1970களிலும் 80களின் நடுவிலும் அந்த அணி வென்ற லீக் பட்டங்களில் அவருக்கும் பங்கு உண்டு. தேசிய அணியில் நிலைத்தவர் அல்லர். வெளிநாட்டு கிளப்பில் ஆடியவரும் அல்லர். ஆட்டக்காரர் குத்யோனைப் பற்றி அதற்கு மேல் நீட்ட ஏதுமில்லை. அவருடைய கதை மேனேஜராகப் பெஞ்சுக்கு வந்த பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1989-ல் வடக்கே அக்யூரேரி நகரின் கே.ஏ. அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். அந்தக் கிளப்பின் வரலாற்றில் அது ஒன்றே லீக் பட்டம். பிறகு சொந்த ஊர் திரும்பினார். அப்போது அக்ரானெஸ் இரண்டாம் அடுக்குக்கு இறங்கிக் கிடந்தது. 1991-ல் மேலே ஏற்றினார். ஏறிய முதல் ஆண்டே, 1992-ல், சாம்பியன். அந்த அணியில் பத்தொன்பது வயது இரட்டையர் இருவர் இருந்தார்கள், அர்னார் குன்லாய்க்சன், பியார்க்கி குன்லாய்க்சன். அர்னார் என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அவர் திரும்பத் திரும்ப வருவார். அந்தப் பருவம் முடிந்ததும் இருவரையும் நெதர்லாந்தின் ஃபெயநோர்ட் வாங்கிக்கொண்டது.

1993 இன்னும் பெரிது. 18 ஆட்டங்களில் 49 புள்ளிகள், லீக்கோடு கோப்பையும். குத்யோனின் மூத்த மகன் தோர்தர் 19 கோல் அடித்து லீக் சாதனையைச் சமன் செய்தார். (ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'மகன்' என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே தோர்தார்சனின் பிள்ளைகள் குத்யோன்சன் ஆகிவிடுகிறார்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நமக்கு இதில் குழப்பம் வராது.) அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் எதிரே வந்தது யார் என்றால், இரட்டையரை வாங்கிப்போன அதே ஃபெயநோர்ட். ஐஸ்லாந்தில் 1-0 என்று அக்ரானெஸ் வென்றது, ராட்டர்டாமில் 3-0 என்று தோற்றது. ஐயாயிரம் பேர் வாழும் ஊர் ராட்டர்டாமின் பெரிய கிளப்பை ஓர் இரவு தலைகுனிய வைத்தது உண்மை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் தலைநகரின் கே.ஆர். அணியில் இருந்து, 1994, 1995 இரண்டிலும் தேசியக் கோப்பை. மீண்டும் அக்ரானெஸ், 1996-ல் மீண்டும் லீக்கும் கோப்பையும். 1992 தொடங்கி 1996 வரை தொடர்ந்து ஐந்து முறை அக்ரானெஸ் சாம்பியன், அதில் மூன்று இவர் கையால் வந்தவை.

இங்கேயே ஒரு பாங்கு தெரிகிறது. எங்கே போனாலும் முதல் ஆண்டோ இரண்டாம் ஆண்டோ பலன் வந்துவிடுகிறது. எங்கேயும் அவர் வெகுகாலம் தங்குவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஓடும் குட்டிப் பருவம், எல்லாரும் எல்லாரையும் அறிந்த நாடு, ஆட்டக்காரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அத்தகைய இடத்தில் உடல் தகுதியும் கண்டிப்பும் கொண்டுவரும் மேனேஜர் சட்டென்று மேலே வந்துவிடலாம். அதே கண்டிப்பு மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கும் என்பதைச் சோதிக்க யாருக்கும் வாய்ப்பு வரவில்லை.

உலக சாம்பியனுக்கு எதிரே

1997 நடுவில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2000-ன் தகுதிச் சுற்றில் பிரான்ஸ், உக்ரைன், ரஷ்யா, ஆர்மேனியா, அண்டோரா என்று குழு அமைந்தது. முதல் ஆட்டம் 1998 செப்டம்பர் 5, ரெய்க்யவிக்கில், பிரான்ஸுக்கு எதிராக. பிரான்ஸ் உலகக் கோப்பையைத் தூக்கி எட்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. ரிக்ஹார்தர் தாதாசன் தலையால் முட்டிக் கோல் போட்டார், மூன்று நிமிடத்தில் துகாரி சமன் செய்தார். 1-1. அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் ரஷ்யாவை 1-0 என்று வென்றார்கள். மார்ச்சில் உக்ரைன் மண்ணிலேயே 1-1. அந்தக் கோலை அடித்த லாருஸ் சிகுர்த்சன் அப்போது ஸ்டோக் சிட்டி ஆட்டக்காரர் என்பது ஒரு சின்னத் தற்செயல்.

கடைசி ஆட்டம் 1999 அக்டோபர் 9, பாரிஸ். இடைவேளையில் பிரான்ஸ் 2-0. திரும்பி வந்து எட்டு நிமிட இடைவெளியில் எயோல்ஃபுர் ஸ்வெரிசனும் பிரின்யார் குன்னார்சனும் ஆளுக்கொன்று போட, 2-2. ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் பிரான்ஸுக்கு நேரடித் தகுதி கைநழுவியிருக்கும். 71-வது நிமிடத்தில் ட்ரெசெகே காப்பாற்றினார். அந்த பிரான்ஸ்தான் அடுத்த கோடையில் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. ஐஸ்லாந்து 15 புள்ளிகளோடு நான்காம் இடம்.

2016-ல் யூரோ கால் இறுதிவரை போன ஐஸ்லாந்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்குக் காரணமாக எல்லாரும் சொல்லும் முழு அளவு உள்ளரங்க மைதானங்கள் 2000-ல் தொடங்கித்தான் வந்தவை. குத்யோனின் அணி அவை இல்லாமல் வளர்ந்த தலைமுறை, குளிர்காலத்தில் சரளை மைதானத்தில் முழங்கால் தேய்த்தவர்கள். அந்த வகையில் 1999-ன் 15 புள்ளிகள் எனக்கு 2016-ஐவிடக் குறைந்ததாகத் தெரியவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கிளப்பை வாங்கிய நாட்டுக்காரர்கள்

பாரிஸ் ஆட்டத்துக்கு அடுத்த மாதமே ஐஸ்லாந்து முதலீட்டாளர்கள் கூட்டாகச் சேர்ந்து ஸ்டோக் சிட்டியின் 66 சதவீதப் பங்கை 66 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். தலைவர் பொறுப்பில் குன்னார் கிஸ்லாசன். ஏற்கெனவே மேனேஜராக இருந்த கேரி மெக்சன் நகர்த்தப்பட, குத்யோன் வந்து அமர்ந்தார். இங்கிலாந்தில் கிளப் நடத்திய முதல் ஐஸ்லாந்து மேனேஜர் அவர்தான். முதல் ஆட்டத்திலேயே வைகோம்பை அவர்கள் ஊரில் 4-0 என்று வென்றார்கள்.

ஸ்டோக் எப்படிப்பட்ட இடம் என்பதும் தெரிய வேண்டும். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன தொழில் நகரம். தொழில் நொடித்த ஊர். 1997-ல் புது பிரிட்டானியா ஸ்டேடியத்துக்குக் குடிபோன கிளப், அடுத்த ஆண்டே மூன்றாம் அடுக்குக்கு இறங்கிவிட்டது. மைதானம் பெரிது, கூட்டமும் வரும், அணி மட்டும் தவறான அடுக்கில் கிடந்தது. முதலீட்டாளர் கணக்கு எளிது: ஓரிரு ஆண்டில் மேலே ஏற்று, இன்னும் ஓர் அடுக்கு ஏற்று, பிரீமியர் லீக் தொலைக்காட்சிப் பணத்தைத் தொடு.

பணம் கொஞ்சம் வந்தது. பிரின்யார் குன்னார்சன் வந்தார். பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிலிருந்து மேனேஜரின் இரண்டாம் மகன் பியார்னி வந்தார். லெஸ்டரிலிருந்து கடனாக அர்னார் குன்லாய்க்சன் வந்தார். இதோ, இரண்டாம் முறை. 2000 ஏப்ரலில் வெம்ப்ளியில், கீழ் அடுக்கு அணிகளுக்கான கோப்பையின் இறுதியில் பிரிஸ்டல் சிட்டியை 2-1 என்று வென்றார்கள். கவனாவும் தோர்னும் கோல் அடித்தார்கள், பார்க்க வந்தவர்கள் 75 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் கோப்பை லாபக் கணக்கில் வராது, அடுக்கு ஏறுவதுதான் கணக்கு.

அதில்தான் இடித்தது. 2000 பிளே-ஆஃபில் கில்லிங்கமுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் 3-2 என்று ஜெயித்தார்கள், இரண்டாவதில் இருவர் சிவப்பு அட்டை வாங்க, எக்ஸ்ட்ரா டைமில் 3-0 என்று சரிந்தார்கள். 2001 பிளே-ஆஃபில் வால்சாலிடம் 4-2. அந்த ஒரே பருவத்தில் லீக் கோப்பையில் லிவர்பூல் ஸ்டோக் மண்ணிலேயே 8-0 என்று துவைத்தது, எஃப்.ஏ. கோப்பையில் தொழில்முறை லீக்கிலேயே இல்லாத நனீட்டனிடம் தோற்றார்கள். ஐந்தாம் ஆறாம் இடத்தில் பருவத்தை முடிப்பது ஒழுங்கான வேலைதான், ஆனால் பங்குதாரருக்கு அதில் ஒரு பைசா இல்லை.

2001-ல் பணம் போதாமல் கவனாவையும் தோர்னையும் விற்றார்கள். இருவரையும் சேர்த்து வாங்கியது கார்டிஃப் சிட்டி, ஏறக்குறைய 27 லட்சம் பவுண்டுக்கு. நடுக்களத்தின் மூளையும் கோல் அடிக்கும் காலும் அதே அடுக்கில் மோதும் போட்டியாளருக்குப் போயின. கையில் இருந்ததை வைத்து குத்யோன் வேறு மாதிரி அணி கட்டினார். பெலாருஸ்காரர் ஷ்டான்யூக், நெதர்லாந்தின் பீட்டர் ஹூக்ஸ்ட்ரா, கேப்டனாக ஸ்காட்லாந்தின் பீட்டர் ஹேண்டிசைடு. கண்ணுக்கு அழகான ஆட்டம் இல்லை, தடுப்பில் சுலபமாக உடையாத ஆட்டம்.

அந்த அணியின் ஒட்டுமொத்தக் கதையும் 2002 மே 1 இரவில் இருக்கிறது. பிளே-ஆஃப் அரையிறுதி, எதிரே யார்? கார்டிஃப்தான், கவனாவும் தோர்னும் போய்ச் சேர்ந்த அதே கார்டிஃப். முதல் ஆட்டத்தில் ஸ்டோக் மண்ணிலேயே 2-1 என்று கார்டிஃப் வென்றிருந்தது. கார்டிஃபின் சொந்த மைதானமான நினியன் பார்க்கில் 90-வது நிமிடம் வரை கோலே இல்லை, கார்டிஃப் கூட்டம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. அப்போது ஜேம்ஸ் ஓ'கானர் ஒன்று போட்டார். எக்ஸ்ட்ரா டைம். அதன் இறுதிக் கட்டத்தில் ஸ்டோக்குக்கு ஒரு ஃப்ரீ கிக், ஓ'கானர் உதைத்தார், பந்து கினி நாட்டு சுலைமான் ஊலாரே மீது பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. எங்கே பட்டது என்றால், பின்புறத்தில். இந்த ஊலாரே டிசம்பரில் அறிமுகமாகி, நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பருவத்தின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழித்தவர். அந்த இரவில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், ஸ்டோக் ஊருக்கு அவர் செய்தது அந்த ஒரு காரியம்தான், இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. மில்லினியம் ஸ்டேடியத்தின் தெற்கு டிரெஸ்ஸிங் ரூமில் இறங்கிய அணி தொடர்ந்து பல பெரிய இறுதிகளில் தோற்றிருந்தது. தோஷம் கழிக்க, சீனர்களின் வாஸ்துவான ஃபெங் ஷூயி நிபுணர் வரை வந்து போனார். அந்த அறைதான் ஸ்டோக்குக்குக் கிடைத்தது. அங்கிருந்து இறங்கி ஜெயித்த முதல் அணி ஸ்டோக்.

பிறகு ஏன்?

மேனேஜருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் பேச்சு கசந்துவிட்டது என்பது அப்போதே பத்திரிகைகளில் வெளிப்படையாக வந்த செய்தி. ஒப்பந்தம் முடியும் தறுவாய். ஜெயிக்கும் முன்பே முடிவு எடுத்துவிட்டார்கள், வெற்றி வந்து அந்த முடிவைக் கேலிக்கூத்தாக்கியது, அவ்வளவுதான் என்று படுகிறது.

மனஸ்தாபம், குணம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். குத்யோன் வளைந்துகொடுக்காத ஆள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கோளாறு ஆளிடம் இருந்ததைவிட அமைப்பில்தான் அதிகம் இருந்தது. சாதாரணமாக ஒரு கிளப்பில் முதலாளி வேறு, மேனேஜர் வேறு. முதலாளிக்குக் கால்பந்து தெரியாது, அது அவருக்கும் தெரியும். ஸ்டோக்கில் முதலீட்டாளர்கள், மேனேஜர், ஆட்டக்காரர்களில் கணிசமானோர் எல்லாரும் மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஒரே தேசம். மேனேஜரின் பெயரைச் சொல்லித்தான் முதலீடே திரண்டது. அப்படியென்றால் அவர் ஊழியரா, கூட்டாளியா? அவர் தன்னைக் கூட்டாளியாக நினைத்திருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது. அவர்கள் அவரை ஊழியராக நினைத்ததிலும் தவறு சொல்ல முடியாது, சம்பளம் கொடுத்தது அவர்கள்தான். மகன் பியார்னியை வாங்கியதும் தனியாகப் பார்த்தால் நியாயமான கால்பந்து முடிவுதான். பியார்னி கெங்கில் ஆடிவிட்டு வந்தவர், அப்பா சிபாரிசில் வந்த ஆள் அல்லர். ஆனால் கேலரியில் உட்கார்ந்திருப்பவன் அப்படிப் பார்ப்பதில்லை, நிர்வாகக் குழு அறையிலும் பார்க்க மாட்டார்கள்.

இந்த வாதத்துக்குச் சான்று அவருக்குப் பின் நடந்தவை. அடுத்து வந்த ஸ்டீவ் காட்டெரில் சில மாதங்களிலேயே சண்டர்லேண்டுக்கு ஓடிவிட்டார். அதற்குப் பிறகு டோனி பியூலிஸ், கடைசி நாள் வெற்றியால் அணியை இறங்காமல் காப்பாற்றி, நிலைநிறுத்தினார். 2005-ல் அவரையும் அனுப்பினார்கள். சொன்ன காரணம், வெளிநாட்டு ஆட்டக்காரர் சந்தையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது. ஆக, பிரச்சினை ஒரு மேனேஜரின் குணம் மட்டும் அல்ல. 2006-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் பழைய முதலாளி பீட்டர் கோட்ஸிடமே கிளப்பை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கோட்ஸ் பியூலிஸைத் திரும்ப அழைத்தார், 2008-ல் ஸ்டோக் பிரீமியர் லீக்கில். ஐஸ்லாந்து முதலீடு தேடிவந்த புதையல், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன இரண்டாம் ஆண்டு கிடைத்தது.

இறங்குமுகம்

ஸ்டோக்குக்குப் பிறகான இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். நார்வேயின் ஸ்டார்ட் அணியில் சில காலம். 2003-ல் பார்ன்ஸ்லி. அங்கே அவரை நியமித்தவர்கள் போய், கிளப்பின் புதுத் தலைவராக பீட்டர் ரிட்ஸ்டேல் வந்தார், 2004 மார்ச்சில் வேலை போனது. 2005-ல் நாடு திரும்பி கெஃப்லாவிக் அணியை ஏற்று, பருவம் தொடங்கும் முன்பே விட்டுவிட்டு நாட்ஸ் கவுண்டிக்குப் போனார். அங்கே நான்காம் அடுக்கில் 21-ம் இடம், மயிரிழையில் தப்பினார்கள். 2008 டிசம்பரில் குரூ அலெக்ஸாண்ட்ரா, அந்தப் பருவ முடிவில் அணி இறங்கியது, அடுத்த அக்டோபரில் விடை கொடுத்தார்கள்.

இதற்கு இடையில் வந்த அக்ரானெஸ் காலம் மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. 2007-ல் மீண்டும் சொந்த ஊர் அணி. ஜூலையில் கெஃப்லாவிக்கோடு ஆட்டம், ஆமாம், அவர் கைவிட்டுப்போன அதே கெஃப்லாவிக். ஒருவருக்கு அடிபட்டதால் பந்தை வெளியே தள்ளினார்கள். ஆட்டம் தொடர்ந்ததும் மரியாதைக்குப் பந்தை எதிரணி கோல்கீப்பரிடம் திருப்பித் தர வேண்டும். மகன் பியார்னி தூரத்திலிருந்து உதைத்தார். பந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே பறந்து வலையில் விழுந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்றார் பியார்னி. பதிலுக்கு எதிரணியை ஒரு கோல் போட விடவும் இல்லை. 2-1, அக்ரானெஸ் வெற்றி. ஆட்டம் முடிந்ததும் கைகலப்பு. எதிரணி இன்னொரு ஊராக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு அணி அடிமட்டத்துக்குப் போக, பருவத்தின் நடுவில் குத்யோனை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு ஆட்டக்காரர்-மேனேஜராக வந்தவர்கள் குன்லாய்க்சன் இரட்டையர். அர்னார், மூன்றாம் முறை. 1992-ல் பத்தொன்பது வயதில் குத்யோன் களத்தில் இறக்கிவிட்ட பையன்கள். அவர்களாலும் அணி இறங்குவதைத் தடுக்க முடியவில்லை.

பின்னாளில் கிரிண்டாவிக், ஃபாரோ தீவுகளில் ஒரு பருவம், ஓலாஃப்ஸ்விக் என்ற சின்னத் துறைமுகத்தின் அணி. பழைய கைராசி திரும்பவில்லை. தொண்ணூறுகளில் அவர் கொண்டுவந்த தொழில்முறைக் கண்டிப்பு புதுச் சரக்காக இருந்தது. 2010-க்குள் ஐஸ்லாந்தில் ஊருக்கு ஊர் உரிமம் பெற்ற கோச்சுகள் வந்துவிட்டார்கள், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட. அவரிடம் மட்டும் இருந்தது எல்லாரிடமும் இருக்கும்போது மிஞ்சுவது குணம் ஒன்றுதான்.

அவருடைய வழி மட்டும் அறுந்துபோகவில்லை. அர்னார், ரெய்க்யவிக்கின் விகிங்குர் அணிக்கு 2021, 2023 லீக் பட்டங்களையும் நான்கு கோப்பைகளையும் வாங்கித் தந்தார். மகன்களில் மூன்றாமவர் யோஹன்னெஸ் கார்ல் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் ஆடிவிட்டு, மேனேஜராக அக்ரானெஸை நடத்தி, தேசிய அணியின் துணைப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய பிள்ளை ஈசாக் பெர்க்மன், 2003-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், ஜெர்மனியில் நடுக்களம் ஆடுகிறார், ஐஸ்லாந்து அணிக்கும் ஆடுகிறார். 2025 ஜனவரியில் அந்தத் தேசிய அணியின் பொறுப்பு அர்னார் குன்லாய்க்சனிடம் வந்தது.